சூடு தெரியாத கால்

என் கால் சூடு தாங்கும் என்று நான் பெருமை பேசித் திரிந்த காலம் ஒன்று இருந்தது. நெல் அவித்துக் காயவைத்து அரிசியாக்கி விற்பதுதான் எங்கள் பிழைப்பு. என் புருஷன் மீராலெவ்வை மூட்டைகளைச் சம்மாந்துறை மில்லுக்கு ஏற்றிக்கொண்டு போவார். அதற்கு முந்திய பாடெல்லாம் என்னுடையது. அவித்த நெல்லைச் சீமெந்து முற்றத்தில் பரப்பிக் காலால் வரிவரியாகக் கிளறிவிட வேண்டும். உச்சி வெயிலில் அந்த முற்றத்தில் கால் வைக்க ஏலாது. என் மகள் நஸீமா ஒரு சுற்று முடிப்பதற்குள் குதித்துக் குதித்து நிழலுக்கு ஓடி வந்துவிடுவாள். நான் கடற்கரையில் காற்று வாங்கப் போகிறவள்போல ஆறுதலாக நடப்பேன். "பாத்தியா உம்மாட காலை" என்று அவளை நக்கலும் பண்ணுவேன். அது காலின் கெட்டித்தனம் இல்லை, கால் செத்துக்கொண்டு வருகிறது என்று அப்போது யார் கண்டது.

எனக்கு இன்னொரு வேலையும் உண்டு. கல்முனைக்குடியில் எங்கள் பக்கத்தில் ஒரு பெண் மௌத்தாகிவிட்டால், உயிர் போன அந்த மையத்தைக் குளிப்பாட்ட என்னைத்தான் கூப்பிடுவார்கள். கூலிக்கு இல்லை, நன்மைக்கு. ஆள் வந்து கடப்படியில் நின்று சலாம் சொன்னால், பிசைந்த சோற்றை அப்படியே மூடி வைத்துவிட்டு ஓடுவேன். மையத்தைத் தாமதிக்கக் கூடாது. ஆனால் அங்கே போய்ச் சேர்ந்துவிட்டால் என் கையில் அவசரமே இருக்காது. இலந்தை இலை போட்ட தண்ணீரில் முழங்கையை விட்டுப் பதம் பார்ப்பேன். சூடு கூடினால் பச்சைத் தண்ணீர் கலப்பேன். விரல் விரலாக, இடுக்கு இடுக்காகக் கழுவி, ஒத்தி ஒத்தித் துடைப்பேன். "செய்னம்பு தொட்டா நோகாது" என்று ஊரில் எனக்கொரு பேர். நொந்ததா இல்லையா என்று எந்த மையத்தும் எழும்பிச் சொன்னதில்லை, ஆனாலும் அந்தப் பேர் எனக்குப் பிடித்திருந்தது.

சூறாவளி வந்து எங்கள் தென்னைகளை முறித்துப் போட்டதற்கு இரண்டொரு வருஷம் கழித்து இடது காலில் ஒரு விறைப்பு வந்தது. பஞ்சை மிதித்து நடப்பதுபோல இருக்கும். ஒருநாள் சந்தைக்குப் போய் வீடு வந்து பார்க்கிறேன், இடது காலில் செருப்பைக் காணவில்லை. எங்கே கழன்றது என்றே தெரியாது. நஸீமா விழுந்து விழுந்து சிரித்தாள், நானும் சேர்ந்து சிரித்தேன். பிறகு இது வாதம் என்று நானே முடிவு கட்டினேன்.

வாதம் என்றால் எங்களுக்கு ஒத்தடம். பிள்ளை பெற்ற நாற்பது நாளும் பிடித்துவிட்ட ஒத்தடத்தின் சுகத்தை இந்த உடம்பு மறக்கவில்லை. யோசித்துப் பார்த்தால், எங்கள் ஊரில் ஒரு பெண்ணின் உடம்பை உட்கார வைத்துச் சுகம் பார்ப்பது பெரியபிள்ளையான நேரம், கல்யாண நேரம், பிள்ளை பெற்ற நேரம். அதற்குப் பிறகு நான் போய்க் குளிப்பாட்டுகிற நேரம்தான். இடைப்பட்ட வருஷங்களில் அந்த உடம்பை வேலைக்கு எடுப்பார்கள், அவளும் எடுப்பாள். நானும் அப்படித்தான் எடுத்தேன்.

நஸீமா மணலை வறுத்துத் துணியில் முடிந்து என் பாதத்தில் வைத்தாள். சூடு காணாது, இன்னும் வறு என்றேன். திரும்ப வறுத்து வந்தாள். ஒன்றும் விளங்கவில்லை, இன்னும் என்றேன். அடுத்த தடவை அந்த முடிச்சைக் கையில் பிடிக்க ஏலாமல் பழந்துணி சுற்றித் தூக்கிக்கொண்டு வந்தாள். "உம்மா, எனக்குப் புடிக்கவே ஏலாமக் கிடக்கு" என்றாள். உனக்கு எல்லாம்தான் சுடும், வை என்று அதட்டினேன். பாவம், வைத்தாள்.

மறுநாள் சிறுவிரலடியில் கொப்புளம் வந்தது. கொப்புளம் உடைந்து புண்ணானது. நோகவில்லை, அதனால் அதை நான் புண் என்றே கணக்கெடுக்கவில்லை. ஐந்து நேரமும் தொழுகைக்கு ஒழு எடுக்கும்போது கழுவுகிற கால்தானே, இதற்கு என்ன வந்துவிடப் போகிறது என்று நினைத்தேன். கழுவினேன் சரி, ஒரு தடவையாவது குனிந்து பார்த்தேனா என்று கேளுங்கள். ஈரம் சொட்டச் சொட்டத் தொழுகைப் பாயில் ஏறுவேன், சலாம் கொடுத்து முடிந்ததும் அதே ஈரக்காலோடு முற்றத்து நெல்லுக்கு ஓடுவேன். கடைசியில் நாற்றத்தை வைத்து நஸீமாதான் பிடித்தாள். விரல் கறுத்துப் போயிருந்தது.

ஆஸ்பத்திரி வாங்கில் எனக்குப் பக்கத்தில் இருந்தவர்கள் ஒவ்வொருவராக நகர்ந்து நகர்ந்து, கடைசியில் வாங்கு முழுக்க எனக்கே ஆகிவிட்டது. அவ்வளவு நாற்றம். உள்ளே இருந்த டொக்டர் யாழ்ப்பாணத்துப் பெடியன், மீசைகூட இன்னும் ஒழுங்காக அடரவில்லை. காலைப் பார்த்தார், மூக்கைப் பொத்தவில்லை. அதற்காகவே அவரை எனக்குப் பிடித்துப் போனது. கட்டிலில் கிடத்தி, ஒரு ஊசியைக் கையில் எடுத்துக்கொண்டு கண்ணை மூடச் சொன்னார். குத்தும்போது சொல்ல வேண்டுமாம்.

மூடினேன். காத்திருந்தேன். வெளியே பஸ் ஒன்று ஹோர்ன் அடித்துக்கொண்டு போனது. மனிதர் குத்த இடம் தேடுகிறாராக்கும் என்று நினைத்தேன். பொறுமை போய், "டொக்டர், எப்ப தொடங்குவீங்க?" என்று கேட்டேன்.

ஊசியைத் தட்டில் வைக்கிற சத்தம் கேட்டது. பிறகு, "கண்ணைத் திறவுங்கோ அம்மா. நான் குத்தி முடிச்சிட்டன்" என்றார்.

பார்த்தால் பாதத்தில் அங்கங்கே சின்னச் சின்ன இரத்தப் பொட்டு. நஸீமா வாயைப் பொத்திக்கொண்டு சுவர்ப் பக்கம் திரும்பி நின்றாள். எனக்கு அழுகை வரவில்லை. அதிசயமாக இருந்தது. என்னுடைய காலில் ஒருவர் குத்தியிருக்கிறார், எனக்குச் சொல்ல ஆள் இல்லை. இது எப்படி என்று டொக்டரைக் கேட்டேன். நல்ல மனிதர், கதிரையை இழுத்துப் போட்டு இருந்து சொல்லித் தந்தார். எனக்குச் சீனி வருத்தம். சாப்பாட்டில் உள்ள சீனியை உடம்பு எடுத்துக்கொள்ள ஒரு நீர் சுரக்க வேண்டும், அதன் பேர் இன்சுலின். அது போதாவிட்டால் சீனி இரத்தத்திலேயே கிடந்து நரம்பைத் தின்னும். கையிலும் காலிலும் நடப்பதை மூளைக்குச் சொல்லுகிற ஆள் நரம்புதான். அந்த ஆள் போனால் முள் குத்தினாலும் நெருப்புச் சுட்டாலும் சேதி வராது. சீனி ஏறின இரத்தத்தில் புண்ணும் ஆறாது.

நஸீமா வறுத்த மணல் கதையைச் சொன்னாள். "சூடு தெரியேல்லை எண்டு இன்னும் சூடாக்கினீங்களோ?" என்று அவர் கேட்டபோது எனக்கு முகத்தை எங்கே வைப்பது என்று தெரியவில்லை.

பிறகு காலின் வீக்கமும் சிவப்பும் எங்கே முடிகிறதோ அந்த இடத்தில், கணுக்காலுக்கு மேலே, பேனையால் சுற்றிவர ஒரு கோடு கீறினார். சிவப்பு இந்தக் கோட்டுக்குக் கீழே இறங்கினால் விரலை மட்டும் எடுப்பதோடு போகும். மேலே ஏறிக்கொண்டே போனால் மட்டக்களப்புக்கு அனுப்பி, முழங்காலுக்குக் கீழே வெட்ட வேண்டி வரலாம். மறைக்காமல் சொன்னார். மறைத்திருக்கலாமே என்று அன்று முழுக்க அவரைத் திட்டினேன், மனதுக்குள்தான்.

ஆஸ்பத்திரி வாட்டில் எனக்கு ஜன்னலோரக் கட்டில் கிடைத்தது. பக்கத்துக் கட்டிலில் காரைதீவுப் பெண் ஒருத்தி, பூமணி. புருஷன் கடலுக்குப் போகிறவர். மீன் வெட்டும்போது முள் குத்தி வலது கை பணியாரம்போல ஊதிப் போயிருந்தது. முதல் நாள் நன்றாகக் கதைத்தாள். இரண்டாம் நாள் என்னைப் பார்க்க வந்த எங்கள் தெருப் பெண் ஒருத்தி, ஊரில் மையத்துக் குளிப்பாட்ட ஆளில்லாமல் சிரமப்படுவதாக என்னிடம் சொல்லிவிட்டுப் போனாள். அதோடு பூமணி மறுபக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாள். எதிர்க் கட்டில் கிழவியும் போர்வையைக் கழுத்துவரை இழுத்து மூடினாள். பின்நேரம் பூமணி மெல்லத் திரும்பி, "கோவிக்காதீங்க அக்கா. நீங்க என்னையே பாத்துக்கிட்டு இருந்தா அளவு எடுக்கிற மாதிரிப் பயமாக் கிடக்கு" என்றாள்.

"பயப்படாதீங்க தங்கச்சி, உங்கட ஆக்கள நான் குளிப்பாட்டுறதில்ல" என்றேன். அதற்குப் பிறகு எங்கள் இரண்டு பேருக்கும் சிரிப்பை அடக்க ஏலவில்லை.

அந்த வாட்டில் எனக்குப் பிடித்த காட்சி காலையில் சலத்தில், அதுதான் சிறுநீரில், சீனி பார்ப்பதுதான். நேர்ஸ் மிஸ்ஸி கண்ணாடிக் குழாயில் நீல மருந்தை ஊற்றி, அதில் நம்முடைய சலத்தைச் சொட்டுச் சொட்டாக விட்டு, விளக்கில் பிடித்துக் கொதிக்க வைப்பா. நீலம் நீலமாகவே இருந்தால் சீனி இல்லை. பச்சையானால் கொஞ்சம், மஞ்சளானால் கூட, செங்கல் நிறமானால் ஆபத்து. என்னுடையது முதல் நாள் அசல் செங்கல். என் உடம்புக்குள் இருந்து இப்படி ஒரு நிறம் வருமா என்று நான் அந்தக் குழாயை வாங்கி வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தேன். பிறகு மிஸ்ஸியே காலையில் என்னைக் கூப்பிட ஆரம்பித்துவிட்டா, "செய்னம்பும்மா, வாங்க உங்கட கலரப் பாக்க" என்று. என்னைப் பார்த்து வாட்டில் எல்லாரும் தங்கள் தங்கள் நிறத்தைக் கேட்கத் தொடங்க, மிஸ்ஸிக்கு வேலை கூடிப் போனது.

இதற்குள் எங்கள் சொந்தபந்தம் ஒரு பக்கம். சீனி வருத்தக்காரியைப் பார்க்கச் சீனிச் சாமான் கொண்டு வருவதில் எங்கள் ஊரை மிஞ்ச ஆள் கிடையாது. ஒருத்தி தொதல், ஒருத்தி வட்டிலப்பம், மச்சி ஒருத்தி ஈச்சம்பழம். "இதுல என்ன சீனி, இது பழம்தானே" என்று வேறு. எல்லாவற்றையும் பூமணி பக்கம் தள்ளிவிட்டேன். நஸீமா மட்டும் குரக்கன் பிட்டும் மீன் ஆணமும் கொண்டு வருவாள். பக்கத்தில் இருந்து நான் கடைசிப் பிடி தின்னும்வரை பார்த்துக்கொண்டிருப்பாள். வறுத்த மணலைப் பற்றி அவளும் கதைக்கவில்லை, நானும் கதைக்கவில்லை.

நிறம் செங்கலிலிருந்து மஞ்சளுக்கு வந்தது. ஆனால் சிவப்பு பேனைக் கோட்டைத் தாண்டி மேலே ஏறிவிட்டது. டொக்டர் மேலே இன்னொரு கோடு கீறினார். அன்றுதான் எனக்கு உண்மையான பயம் வந்தது. கத்திக்குப் பயமில்லை, நோகாத காலை வெட்டினால் என்ன. நின்று வேலை செய்ய ஏலாமல் போய்விடுமே என்ற பயம் ஒன்று. இன்னொரு பயத்தைச் சொன்னால் சிரிப்பீர்கள். வெட்டின காலை என்ன செய்வார்கள்? எத்தனையோ பேரைக் குளிப்பாட்டி, வெள்ளைத் துணி சுற்றிக் கபனிட்டு, ஒழுங்காக அனுப்பி வைத்தவள் நான். என்னுடைய காலை யார் கழுவுவது, யார் எடுத்துப் போவது, எங்கே வைப்பது? கேட்டுக்கொண்டு வாருங்கள் என்று மீராலெவ்வையைப் பள்ளிவாசலில் தொழுவிக்கிற லெவ்வையிடம் அனுப்பினேன். அவருக்கு முகம் கறுத்துப் போனது, ஆனால் போனார்.

மறுநாள் பின்நேரம் வந்து கட்டில் ஓரத்தில் குந்திக்கொண்டு, "உசிரோட இரிக்கிற ஆள்ர உறுப்புக்குக் குளிப்பாட்டும் இல்லையாம், தொழுகையும் இல்லையாம். துணியில சுத்தி அடக்கினாக் காணுமாம்" என்றார்.

குளிப்பாட்டு இல்லையா? ஊரில் உள்ள கால்களையெல்லாம் விரல் விரலாகக் கழுவினேன், என் கால் கழுவாமல் போகுமா என்று நினைக்க நினைக்க ஆத்திரமாக வந்தது. பள்ளி லெவ்வை மேல் கோபப்பட்டு என்ன, அவர் மார்க்கக் கிதாபில் உள்ளதைச் சொன்னார்.

மீராலெவ்வை சாமான் பையைக் கட்டிலடியில் வைத்துவிட்டுத் தண்ணீர் பிடிக்கப் போயிருந்தார். சீப்பு கொண்டு வரச் சொன்னது நினைவு வந்து பைக்குள் கையை விட்டேன். கையில் தட்டுப்பட்டது புதுத் துணி, மடிப்புக் குலையாத வெள்ளைத் துணி. அந்தத் துணியைத் தொட்டவுடன் தெரியாத கையா என் கை? அவர் திரும்பி வரும்போது அதை மடியில் வைத்துக்கொண்டு இருந்தேன்.

"வெட்ட முதலே கபன் வாங்கிட்டீங்களா?" என்று கேட்டேன்.

அவர் தண்ணீர்ப் போத்தலைக் கீழே வைத்தார். "நீதானே கேட்டுட்டு வரச் சொன்ன. அந்த நேரத்துக்கு நான் எங்க ஓடித் திரியிற? மனசு ஆத்தாமத்தான் வாங்கின, புள்ள" என்றார். சாரன் தலைப்பால் கண்ணைத் துடைத்தார். எங்கள் கல்யாணத்துக்குப் பிறகு அந்த மனிதர் அழுது நான் பார்த்ததில்லை. எனக்குக் கோபம் போன இடம் தெரியவில்லை. துணியை மடித்துத் தலையணைக்குக் கீழே வைத்துக்கொண்டேன்.

அடுத்த நாள் காலையில் ஒரு முடிவுக்கு வந்தேன். வெட்டின பிறகு குளிப்பாட்டு இல்லை என்றால், என்னோடு இருக்கும்போதே நான் குளிப்பாட்டி அனுப்புவேன். மருந்து கட்டுவதற்கு முன்னால் காலைக் கொண்டிஸ் தூள் போட்ட ஊதாத் தண்ணீரில் ஊறவைப்பது அங்கே வழக்கம். கிருமியைக் கொல்லுகிற தண்ணீர். இவ்வளவு நாளும் மிஸ்ஸி செய்வா, நான் ஜன்னலைப் பார்த்துக்கொண்டு கிடப்பேன். அன்று என் கையால் செய்யக் கேட்டேன். புண்ணைத் தொடாமல் செய்வதானால் சரி என்று தண்ணீர்ப் பேசினை என் முன்னால் வைத்தா.

கை தானாகப் போனது. முழங்கையை விட்டுப் பதம் பார்த்தேன். கொஞ்சம் சூடு கூட, பச்சைத் தண்ணீர் கலந்தேன். திரும்பவும் பார்த்து, சரி என்று கண்ட பிறகுதான் காலை உள்ளே விட்டேன். பூமணி கையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு பார்த்துக்கொண்டிருந்தாள்.

"மையத்துக்கும் இப்படித்தான் பதம் பாப்பீங்களா அக்கா?"

ஓம் என்றேன்.

"செத்தவவுக்குச் சூடு தெரியுமா?"

"தெரியா."

"அப்ப என்னத்துக்குப் பாக்கிற?"

அவள் குத்தலாகக் கேட்கவில்லை, அறியத்தான் கேட்டாள். இதை என்னிடம் அதுவரை யாரும் கேட்டதில்லை. "அவவுக்குச் சொல்ல வாய் இல்லயே தங்கச்சி. சுட்டாலும் சொல்ல ஏலா. அதால நாமதான் பாத்து ஊத்தணும்" என்றேன்.

சொல்லி முடித்த வாய் அப்படியே நின்றுவிட்டது. ஊதாத் தண்ணீருக்குள் என் கால் கிடந்தது. இதற்கும் வாய் இல்லைதானே. எவளெவளுக்கோ முழங்கையை விட்டுப் பார்த்தவள், இதற்கு மட்டும் இன்னும் வறு, இன்னும் வறு என்று கத்தினேன். நஸீமாவின் கை பொறுக்காத சூட்டை இதன்மேல் வைக்கச் சொன்னேன். அழுகை பொத்துக்கொண்டு வந்தது. நன்றாக அழுதேன், மூக்குச் சிந்திச் சிந்தி அழுதேன். பூமணி ஒன்றும் கேட்காமல் தன் இடது கையால் என் முதுகைத் தடவிக்கொண்டிருந்தாள்.

அன்று பின்நேரம் மீராலெவ்வையை வீட்டுக் கண்ணாடியைக் கழற்றிக்கொண்டு வரச் சொன்னேன். முகம் பார்க்கவா என்று கேட்டார். கால் பார்க்க என்றேன். குனிந்தாலும் உள்ளங்காலைப் பார்க்க எனக்கு வயிறு விடாது. அவர் கண்ணாடியைக் கீழே பிடிக்க, நான் என் உள்ளங்காலை முதல் முறையாகப் பார்த்தேன். என்னென்ன கிடக்கிறது அங்கே! குதிகாலில் வெடிப்பு, வெடிப்புக்குள் நெல் உமி. நடுவில் பழைய வடு ஒன்று, சின்ன வயதில் மட்டி ஓடு வெட்டியது, மறந்தே போயிருந்தேன். பெருவிரலுக்குக் கீழே ஒரு நெருஞ்சி முள், எப்போது ஏறியதோ, அதன்மேல் தோல் மூடியிருந்தது. இதோடுதான் நான் சந்தைக்கும் பள்ளிக்கூடத்து விசேஷத்துக்கும் போய் வந்திருக்கிறேன். என்னை இவ்வளவு காலம் சுமந்தவள் யார் என்று அன்றுதான் தெரிந்துகொண்டதுபோல இருந்தது. மிஸ்ஸி வந்து அந்த முள்ளை எடுத்துவிட்டா. நான் கண்ணாடியில் பார்த்துக்கொண்டிருந்தேன்.

வழியனுப்பத்தான் குளிப்பாட்ட ஆரம்பித்தேன், ஆனால் பிறகு விட மனம் வரவில்லை. தினம் காலையில் என் வேலை அதுதான். பதம் பார்ப்பது, ஊறவைப்பது, புண் இல்லாத இடமெல்லாம் விரல் விரலாகத் துடைப்பது. துடைக்கத் துணி? தலையணைக்குக் கீழே புதுத் துணி இருக்கிறதே. அதில் ஒரு துண்டைக் கிழித்து எடுத்தேன். முதலில் அதைக் கண்டு மீராலெவ்வை திடுக்கிட்டார். பிறகு அவரே துவைத்துக் காயப்போட்டுக்கொண்டு வந்தார். ஊசியும் மருந்தும்தான் செய்தது, எனக்குத் தெரியும், என் துடைப்பு செய்ததென்று நான் சொல்ல வரவில்லை. ஆனால் வாழ்க்கையில் முதல் தடவையாக ஒருவருக்கும் அவிக்காமல், ஒருவருக்கும் ஓடாமல், என் காலோடு நான் இருந்தேன். அந்த நேரம் எனக்கு ருசியாக இருந்தது.

ஒரு காலையில் மிஸ்ஸி குழாயைத் தூக்கிக் காட்டினா, பச்சை. அதற்கடுத்தடுத்த நாட்களில் சிவப்பு மேல் கோட்டை விட்டு இறங்கியது. பிறகு முதல் கோட்டுக்கும் கீழே வந்தது. டொக்டர் குனிந்து அந்தக் கோட்டை விரலால் தடவிப் பார்த்துவிட்டு, "மட்டக்களப்புப் பயணம் இல்லை அம்மா. விரலோட போகும்" என்றார். அல்ஹம்துலில்லாஹ் என்று சொல்லிக்கொண்டே நஸீமா தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

விரலைக் கல்முனையிலேயே எடுத்தார்கள். முடிந்ததும் அதைப் பார்க்க வேண்டும் என்று கேட்டேன். பலர் பார்க்க மாட்டார்களாம், டொக்டருக்கு ஆச்சரியம். காட்டினார். ஈச்சம்பழம் மாதிரி இருந்தது. மச்சி கொண்டு வந்தது நினைவு வந்து, அதற்குப் பிறகு கொஞ்ச காலம் எனக்கு ஈச்சம்பழத்தைப் பார்க்கவே மனம் வரவில்லை. உங்கள் ஆட்கள் கேட்பது தெரியும் என்று சொல்லி, டொக்டர் அதை மருந்துத் துணியில் பொதிந்து மீராலெவ்வை கையில் கொடுத்தார். அதன்மேல் சுற்ற வெள்ளைத் துணியில் சின்னத் துண்டு கிழித்து நான் கொடுத்தேன். மீராலெவ்வை அதைச் சட்டைப் பைக்குள் வைக்காமல், இரண்டு கையிலும் ஏந்திக்கொண்டு வாட்டைத் தாண்டிப் போனார். பூமணி எழும்பி நின்றாள்.

மறுநாள் வந்ததும் எங்கே வைத்தீர்கள் என்று கேட்டேன்.

"மையவாடியில, உன்ட வாப்பாட கபுறுக்குப் பக்கத்துல. கிப்லாவப் பாக்க, மக்காப் பக்கமாத்தான் வச்சன்."

"விரலுக்கு முகம் எது?"

கொஞ்சம் யோசித்தார். "நகம் இரிக்கிற பக்கம்" என்றார்.

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அவர் சிரிக்கவில்லை. "சிரிக்காத புள்ள. அந்தக் குழியத் தோண்ட எனக்குக் கை ஓடல்ல. இனி ஒண்டையும் தனியாக் கொண்டு போக என்னால ஏலா. மத்ததெல்லாம் உன்னோட ஒண்டா வரட்டும்" என்றார்.

நான் ஓம் என்றேன். அதை ஒரு வாக்காகத்தான் சொன்னேன்.

வீட்டுக்கு வந்த பிறகு அஸர் தொழுகைக்கும் மஃரிப் தொழுகைக்கும் இடைப்பட்ட பின்நேரம் என் காலுக்கென்று ஆனது. கதவைச் சாத்திக்கொள்வோம். நஸீமா பேசினில் தண்ணீர் கொண்டு வந்து, என்னிடம் கேட்காமல், தன் முழங்கையை விட்டுப் பார்ப்பாள். "காணும் உம்மா, வைங்க" என்பாள். மீராலெவ்வை கண்ணாடி பிடிப்பார். வெடிப்பு, கொப்புளம், முள், நிறம் மாறின இடம், எல்லாம் பார்ப்பது. பிறகு துடைப்பது, குதிகாலுக்குத் தேங்காயெண்ணெய் பூசுவது. விரல் இடுக்கில் மட்டும் எண்ணெயும் கூடாது, ஈரமும் கூடாது என்று மிஸ்ஸி சொல்லி அனுப்பியிருந்தா. முற்றத்துக்கும் செருப்புப் போட்டுத்தான் இறங்குவேன். நெல்லைப் பலகையால் கிளறுகிறோம். காலுக்குச் சூடு இன்றுவரை தெரியாது, அது திரும்பி வராது என்று டொக்டர் முதலே சொன்னார். செய்னம்புக்கு இப்போது மாப்பிள்ளை கண்ணாடி பிடிக்கிறாராம் என்று தெருவில் கதை. பிடிக்கிறார்தான், உங்களுக்கென்ன என்று கேட்டுவிட்டேன்.

அப்படி ஒரு நாள் கால் தண்ணீருக்குள் இருக்கும்போது கடப்படியில் சலாம் கேட்டது. அடுத்த ஒழுங்கையில் இருக்கும் மனிதர், குரலைக் கேட்டதுமே விளங்கியது. அவருடைய உம்மா லுஹர் தொழுகைக்குப் பிறகு மௌத்தாம். இன்னா லில்லாஹி என்று சொல்லிக்கொண்டே, பழைய பழக்கத்தில், தண்ணீர் சொட்டச் சொட்டக் காலைத் தூக்கி எழும்பிவிட்டேன்.

மீராலெவ்வை கண்ணாடியைக் கீழே வைக்கவில்லை. மற்றக் கையை என் முழங்காலில் வைத்து மெல்ல அமர்த்தினார். அந்தக் காலத்தில் ஆள் வந்தால் எனக்கு முதல் தானே பரபரத்து, சுறுக்கா போ, சுறுக்கா போ என்று கலைக்கிற மனிதர் அவர்.

"இரிங்க தம்பி" என்று வெளியே குரல் கொடுத்தார். "அவ காலத் துடைக்கிறா. துடைச்சுப்போட்டு வருவா."

வேலியோரம் செருப்பு மாறி மாறி வைக்கும் சத்தம் மட்டும் கேட்டது, அவர் நின்றுகொண்டிருந்தார். நான் வெள்ளைத் துணியை எடுத்தேன். நாலு விரல்களின் இடுக்கையும் ஒத்தி ஒத்தித் துடைத்தேன். ஐந்தாவது இருந்த இடத்தையும் துடைத்துவிட்டு, செருப்பை மாட்டிக்கொண்டு எழும்பினேன்.